ஈ-ஒன்பது என்று காட்டிய மெஷின்

அந்த மெஷின் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. என் கோபமெல்லாம் அதைச் சுற்றி இருந்த மனிதர்கள் மேல். இதை எழுத உட்கார்ந்ததுமே காது மடல் சூடாகிறது.

போன வருஷம் கோடையில் என் அம்மா கொல்லைப் பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவள் எழுந்து நடக்கவில்லை. எல்லாமே படுக்கையில்தான். பெரியவர்களுக்கென்று கடையில் விற்கும் டயப்பரை முதலில் வாங்கிப் போட்டோம். சில நாளிலேயே தொடையிடுக்கில் தோல் சிவந்து உரிய ஆரம்பித்தது. பார்க்க வந்த நர்ஸம்மா, "அத்தத் தூக்கிப் போடுங்க. பழைய பருத்தித் துணியக் கட்டுங்க. ஆனா ஈரம் துளிகூட இருக்கக் கூடாது, நல்லா மொறமொறன்னு காஞ்சதாத்தான் கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே என் பழைய புடவைகளையும் என் கணவரின் வேட்டிகளையும் கிழித்து அடுக்கி வைத்தேன்.

நான் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். என் கணவர் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காதான் அம்மாவைப் பார்த்துக்கொள்வார். அப்பா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. எனக்கு ஒரே அண்ணன். பெங்களூரில் கம்பெனி வேலை. அம்மா விழுந்ததும் ஓடி வந்தான், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தான், அழுதான். பிறகு, "நீ ஸ்கூலுக்கும் போய்கினு அம்மாவயும் பாத்துக்கணும், நான் ஒனக்கு எல்லா வசதியும் பண்ணித் தர்றேன்" என்றான். எங்கள் வீட்டை ஒட்டி அம்மாவுக்கென்று ஓர் அறை கட்டினான். அவன் கட்டினான் என்றால், கீழேயிருந்து தனக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டரை அனுப்பிவிட்டு போனிலேயே கட்டினான். அறை முடிந்த பிறகு ஒருநாள் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, அம்மாவின் கட்டிலோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் துணி காயவில்லை. மழை விட்ட நேரத்தில் பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. கொடியில் போட்ட துணி காலையில் எப்படி இருந்ததோ மாலையிலும் அப்படியே தொங்கியது. அடுப்புக்கு மேலே கம்பி கட்டிப் போட்டேன், புகை நாற்றம் ஏறியது. ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டேன், அதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். பாதி ஈரத்தோடு கட்டியதில் அம்மாவுக்கு மறுபடியும் புண் வந்தது. வலியில் என்னைத் திட்டுவாள். "என்னைச் சாவடிக்கவா இந்தத் துணியக் கட்டுற?" என்பாள். அவளுக்கு எப்போதுமே வாய் நீளம். முன்பு நானும் பதிலுக்குக் கத்துவேன். இப்போது கத்த முடியவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். சொன்ன வாரமே ஒரு வண்டியில் துணி காயவைக்கிற டிரையர் வந்து இறங்கியது. வெள்ளையாக, இடுப்புயரத்துக்கு, முன்னால் வட்டக் கண்ணாடிக் கதவோடு. அம்மா படுத்திருக்கும் அறையிலேயே, அவள் தலைமாட்டுச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தோம். அங்கேதான் அண்ணன் சொல்லிப் போடவைத்த பெரிய பிளக் பாயின்ட் இருந்தது.

முதல் நாள் துணி வெளியே வந்தபோது நான் அதை முகத்தில் ஒற்றிக்கொண்டேன். சூடாக, லேசாக, காகிதம் மாதிரி இருந்தது. அம்மாவுக்குக் கட்டிவிட்டேன். "இன்னாடி இது, இப்பதான் சட்டியிலேந்து எடுத்த மாதிரி கீது" என்று சிரித்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் மெஷின் பேச ஆரம்பித்தது. அதற்கு ஒரு சின்னத் திரை. அதில் ஈ என்கிற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் வரும், கூடவே கீச்கீச்சென்று சத்தம். கூட வந்த புத்தகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. தமிழ்நாட்டில் விற்கும் சாமானுக்குத் தமிழில் ஒரு பக்கம் போட அவர்களுக்கு மனசு வரவில்லை. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

ஈ-இரண்டு வந்தால் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. துணியிலிருந்து எடுத்த ஈரமெல்லாம் மேலே ஒரு டிராயரில் தண்ணீராகச் சேருகிறது. இழுத்து வெளியே கொட்டிவிட்டு மறுபடி தள்ளினால் போதும். ஈ-மூன்று வந்தால் காற்று போக வழியில்லை. கதவுக்கு உள்ளே இருக்கும் வலையில் பஞ்சு படிந்திருக்கும். பழைய வேட்டியும் புடவையும் பஞ்சாகவே உதிர்ந்ததால் அதை ஒவ்வொரு தடவையும் உரித்து எடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் ஈ-மூன்று போகாவிட்டால் கீழே ஒரு மூடி, அதற்குள் தகடு தகடாக ஒரு பெட்டி. அதை உருவிக் குழாயடியில் கழுவி, நீர் வடியவிட்டு மாட்ட வேண்டும். ஈ-ஐந்து என்றால் கதவு சரியாக மூடவில்லை, ஒரு துணி நுனி மாட்டிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் ஒரு வாரத்தில் எனக்குப் பழகிவிட்டன.

பழகாதது ஈ-ஒன்பது. புத்தகத்தில் அதற்கு நேராக ஒரே வரிதான். சேவை மையத்தைத் தொடர்புகொள்ளவும்.

மெஷின் ஓட ஆரம்பிக்கும். டிரம் சுற்றும். உள்ளே சூடேறுகிற நேரம் பார்த்து நின்றுவிடும். ஈ-ஒன்பது. துணி வெதுவெதுவென்று, ஆனால் ஈரமாக இருக்கும். தினமும் இல்லை. சில நாள் நன்றாக ஓடும், சில நாள் மூன்று தடவை போட்டாலும் நிற்கும். மதியத்தில் ஓடியது மாலையில் நிற்கும்.

கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். எங்கள் வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, ரோட்டோரம் புளியமரத்தடிக்குப் போய் நின்றால்தான் பேச முடியும். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு ஓடியது, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது, கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"மேடம், மெஷினை ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டி, கொஞ்ச நேரம் கழிச்சு ஆன் பண்ணிப் பாருங்க."

"பண்ணிட்டேன்மா. மறுபடியும் அதே வருது. ஈ-ஒன்பதுன்னா இன்னா அர்த்தம், அத்த மட்டும் சொல்லு."

"அது டெக்னிக்கல் மேடம், எங்களுக்கு ஸ்கிரீன்ல காட்டாது."

"அப்ப ஆளை அனுப்பு."

"உங்க பின்கோடு சொல்லுங்க மேடம்." சொன்னேன். "சாரி மேடம், உங்க ஏரியா எங்க சர்வீஸ் லிமிட்ல வரலை."

"விக்கறதுக்கு மட்டும் எங்க ஏரியா வந்துதா?"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

வேறு ஏதாவது என்றால், முதலில் என்ன உதவி செய்தாள்? குடையை மரத்தில் அடித்தேன். கம்பி வளைந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த மரத்தடி எனக்கு இன்னொரு வேலை இடமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் வேறு குரல், அதே பேச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அண்ணனும் அதையேதான் சொன்னான். அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் ஒரு வீடியோ அனுப்பினான். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் திரையில் வருகிற கோட் அழிந்துவிடும் என்று அதில் ஒருத்தன் செய்து காட்டினான்.

"இதப் பாரு, இவ்ளோதான் மேட்டர். நீ தப்பா யூஸ் பண்றன்னு நெனக்கறேன். ஓவர்லோடு பண்ணாத" என்றான் அண்ணன்.

"தெனம் அம்மா துணிய அலசிப் போடறவ நானு. அங்க ஒக்காந்துகினு நான் தப்பா பண்றேன்னு சொல்றியாண்ணா?"

"கோபப்படாத. சஜஷன்தானே சொன்னேன்."

அந்தப் பொத்தான்களை நானும் அழுத்தினேன். கோட் அழிந்தது. மெஷின் மறுபடி சுற்றி, மறுபடி நின்றது. மறுபடி அழுத்தினேன். கார்த்திகை முழுவதும் இதுதான் நடந்தது. அம்மா படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். "அது இன்னாவோ சொல்லுது. நீ வாயப் பொத்திகினே கீற" என்று ஒருநாள் சொன்னாள். எரிச்சலில், "நீ சும்மா இரும்மா" என்றேன்.

கடைசியில் என் கணவர், "வா, நாமளே எடுத்துனு போவலாம்" என்றார். ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு ஜீப்பின் பின் சீட்டைக் கழற்றி, மெஷினைப் பழைய கம்பளியில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு நான் லீவு போட்டேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் பின்னால் திரும்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனேன்.

கீழே சர்வீஸ் சென்டரில் ஓர் இளைஞர் மெஷினை வாங்கி பிளக்கில் மாட்டினார். எங்கள் கண் முன்னாலேயே ஒரு நனைந்த துணியைப் போட்டு ஓட்டினார். அது சுற்றியது, சூடேறியது, ஓடி முடித்தது. ஒரு சத்தம் இல்லை.

"மெஷின் சூப்பரா கீது மேடம். கம்ப்ளெயின்ட் எதுவுமே இல்ல."

"எங்க வூட்டுல நிக்குதே."

"இங்க ஓடுதே."

"ஈ-ஒன்பதுன்னு காட்டுது. போட்டோ கீது பாருங்க." போனை நீட்டினேன். பார்த்தார், தலையை ஆட்டினார்.

"இங்க வரலியே மேடம். வந்தாத்தானே நான் எதுனா பண்ண முடியும்?"

ஒரு தாளில் கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பிரதியை என்னிடம் கொடுத்தார். மறுபடி கம்பளி, மறுபடி கயிறு. திரும்பி ஏறும்போது நானும் என் கணவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியிருப்போம். வீட்டுக்கு வந்து மாட்டி, அம்மாவின் துணிகளைப் போட்டேன். சுற்றியது. சூடேறியது. நின்றது. ஈ-ஒன்பது.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. மெஷினைக் காலால் உதைத்தேன். அம்மா ஏதோ கத்தினாள். ஸ்விட்சைக்கூட அணைக்காமல் பிளக்கைப் பிடித்து வேகத்தோடு பிடுங்கினேன். அடுத்த நொடி அலறிவிட்டேன். பிளக்கின் பித்தளைக் கால் என் விரல்களில் பட்டுச் சதை ஒட்டிக்கொண்டது. அது அடுப்பிலிருந்து எடுத்த கரண்டி மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் நாற்றமும் மூக்குக்கு எட்டியது. ரப்பர் கருகுகிற நாற்றம். அதுவரை அதை மெஷினின் சூட்டு வாசனை என்றே நினைத்திருந்தேன்.

என் கணவர் என் கையைத் தண்ணீரில் முக்கிவிட்டு, மெயினை அணைத்துவிட்டு வந்து ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். மேலே பார்க்கத் தடியான, புத்தம் புதிய பெரிய பிளக் பாயின்ட். அதற்குப் பின்னால் போன ஒயர் குழல் விளக்குக்குப் போடுகிற மெல்லிய ஒயர். அதன் மேல்தோல் உருகிப் பழுப்பாகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. அறையின் விளக்கு லைனிலிருந்தே அதை இழுத்து, நடுவில் சும்மா முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் கருகிக் கொட்டியது. அம்மாவின் தலையணையிலிருந்து ஒரு முழத் தூரம்கூட இருக்காது அது.

"இத்தப் பாத்தியா" என்று மட்டும் சொன்னார் என் கணவர். கருகிய துண்டை வெட்டி எடுத்துத் தனியாக வைத்தார்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாச்சு?" என்றாள். நாங்கள் அவள் கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளி நகர்த்தினோம். தீப்பிடித்தால்கூட எழுந்து ஓட முடியாதவள் அவள். மெஷினைப் போட்டுவிட்டுப் போய் நான் பள்ளிக்கூடத்தில் வினைமுற்று நடத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்தச் சுவருக்குள் ஒயர் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் கையில் கட்டோடு அதே மரத்தடிக்குப் போய், சர்வீஸ் சென்டர் இளைஞருக்கே நேராகப் போன் போட்டேன். நம்பர் அந்தத் தாளில் இருந்தது.

"ஈ-ஒன்பதுன்னா இன்னா தம்பி? இப்ப சொல்லு."

"லோ வோல்டேஜ் மேடம்" என்றார் சட்டென்று. "ஹீட்டர் ஆன் ஆவும்போது கரண்டு எறங்கிச்சுன்னா மெஷின் தானாவே நின்னுடும். சேஃப்டிக்கு வெச்சிருக்காங்க."

"இத்த அன்னிக்கே ஏன் சொல்லல?"

"அது மெஷின் கம்ப்ளெயின்ட் இல்லையே மேடம். உங்க வூட்டு கம்ப்ளெயின்ட். நான் மெஷினத்தானே பாப்பேன்."

நான் அவரிடம் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், வகுப்பில் பிள்ளைகள் பேசினால் வெளியே நிற்கவைக்கிற வார்த்தைகள். ரோட்டில் போன டூவீலர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனது. இரண்டு சொல். லோ வோல்டேஜ். அத்தனை போனிலும், அத்தனை குரலிலும், அந்தப் புத்தகத்திலும் யாருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அழிப்பது எப்படி என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியன் அண்ணாவைக் கூட்டிவந்தோம். மெயின் போர்டிலிருந்து தனியாகத் தடித்த செப்பு ஒயர் இழுத்து, தனி பிரேக்கர் போட்டு, புது பிளக் பாயின்ட் வைத்தார். மெஷினை அம்மாவின் அறையிலிருந்து எடுத்துப் பின்கட்டில் வைத்தோம். அன்று அவர் மீட்டரைப் பிடித்துக் காட்டினார். ஹீட்டர் இழுக்கிற கரண்டை அந்த மெல்லிய ஒயர் தாங்காமல்தான் வோல்டேஜ் இறங்கி மெஷின் நின்றிருக்கிறது என்றார். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் போடும்போது கரண்டு எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது, அதனால் பகலிலேயே ஓட்டிக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் போட்டேன். மெஷின் சுற்றி, சூடேறி, நிற்காமல் ஓடி முடித்தது. பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புகூட இல்லை.

பிறகு அண்ணனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அந்தாளு இப்படிப் பண்ணுவான்னு நான் நெனக்கல" என்றான்.

"நீ வந்து பாத்தியா?"

"எனக்கு ஒயர்லாம் இன்னா தெரியும்?"

"சொவுரத் தட்டிப் பாக்கத் தெரிஞ்சுது. போட்டோ எடுக்கத் தெரிஞ்சுது. எனக்குச் சரியா யூஸ் பண்ணத் தெரிலன்னு சொல்லத் தெரிஞ்சுது. அம்மா தலைமாட்டுல நெருப்ப வெச்சுட்டு, மெஷினு சொன்னத அழிக்கறதுக்கு வீடியோ அனுப்பினியே, அதுவும் தெரிஞ்சுது."

"ஏய், அப்டிலாம் பேசாதம்மா."

"அப்டித்தான்ணா பேசுவேன்."

அந்த வாரக் கடைசியில் வந்துவிட்டான். கான்ட்ராக்டருக்கு போன் போட்டதாகவும், அவன் ஒருமுறை எடுத்து, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அதன் பிறகு எடுக்கவே இல்லை என்றும் சொன்னான். என் கணவர் கழற்றி வைத்திருந்த கருகிய ஒயரை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார். "பாருங்க மச்சான்" என்றார், அவ்வளவுதான். அண்ணன் அதை விரலால் தேய்த்தான். கரி ஒட்டியது. வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றான்.

அன்று நான் ஒரு காரியம் செய்தேன். அம்மாவின் துணி பக்கெட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "அலசுண்ணா" என்றேன். என் விரல் ஆறவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் மூக்கைப் பிடிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். குழாயடியில் உட்கார்ந்து, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக அலசினான். பிழிந்து கொண்டுவந்து மெஷினில் போட்டான். கொஞ்ச நேரத்தில் கீச்கீச்சென்று சத்தம். அவன் குனிந்து பார்த்துவிட்டு உடனே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"போன உள்ள வையி. இன்னா போட்டுருக்கு?" என்றேன்.

"ஈ-மூணு."

"கதவத் தெற. உள்ள வலை கீது, இழு. பஞ்ச உரி."

உரித்தான். சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி வந்தது. எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அம்மா அறைக்குள்ளிருந்து, "யாரு வேலை செய்றது?" என்று கேட்டாள்.

"ஒம் புள்ளதான்" என்றேன்.

"அதான் மெஷினு கத்துது" என்றாள்.

என் கணவர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதோடு எல்லாம் சரியாகிப்போனதாக அவன் எடுத்துக்கொண்டிருப்பான்.

ஞாயிறு மதியம் கிளம்பினான். அம்மாவின் காலைத் தொட்டு, நெற்றியில் முத்தம் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்னிடம், "இனிமே மாசத்துக்கொரு தடவ வர்றேன்" என்றான். அதற்குப் பிறகு வரத்தான் செய்கிறான். எல்லா மாதமும் இல்லை. வந்தால் பக்கெட்டைத் தானே எடுத்துக்கொள்கிறான்.

அம்மாவின் புண் தை மாதத்தில் ஆறியது. நர்ஸம்மா வந்து பார்த்து, "இப்பதான் தோல் நல்லா கீது, இப்டியே பாத்துக்கோங்க" என்றார். என் விரல் நுனிகளில் தழும்பு இருக்கிறது, கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் அங்கே உரசினால் தெரியும்.

சில நாளுக்கு முன், எங்கள் வாசலில் அதிசயமாகச் சிக்னல் கிடைத்த நேரத்தில், அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு போன் வந்தது. பதிவு செய்த பெண் குரல். எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் கொடுங்கள் என்றது. ஆள் இல்லை என்று தெரிந்தும் நான் பேசினேன். வளைந்த குடையிலிருந்து ஆரம்பித்து, கம்பளியில் சுற்றிக் கட்டிக்கொண்டு போனது, கோளாறு இல்லை என்று எழுதிய தாள், என் அம்மாவின் தலையணை வரை எல்லாம் சொன்னேன். குரல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் பதில் புரியவில்லை, தயவுசெய்து ஓர் எண்ணை அழுத்தவும் என்றது.

எதையும் அழுத்தாமல் வைத்துவிட்டு உள்ளே போனேன். அம்மா விழித்திருந்தாள். "யாரோட அப்டி சண்ட போட்டுகினு இருந்த?" என்றாள். "யாரும் இல்லம்மா" என்று சொல்லி, காய்ந்த துணியை எடுத்து அவளுக்குக் கட்டிவிட ஆரம்பித்தேன்.